ஏற்றத்தில் கொதித்த வண்டி

இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, நடுவில் ரம்பத் தகட்டின் உடைந்த துண்டு ஒன்றை வைத்து, கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தது. மிச்சமிருந்த விரல்கள் ரேடியேட்டரின் மேல் வாயில் மரக்கட்டையைச் செருகிப் பிடித்துக்கொள்ள, வலது கை சின்னச் சுத்தியலால் அதைத் தட்டி இறுக்கியது. கீழ் வாய்க்கு இன்னொரு கட்டை. பிறகு காற்றுக் குழாயை மாட்டி, ரேடியேட்டரைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் மெல்ல இறக்கின அந்தக் கைகள். கசிவு இருந்தால் குமிழ் வரும். முள் முனை அளவு ஓட்டையாக இருந்தாலும் வரும்.

வரவில்லை.

"என்னா, மீன் பிடிக்கிறியா?" என்றான் பின்னால் இருந்தவன்.

குவாரிக்காரன் அவன். கல் உடைக்கும் இடத்தில் மேஸ்திரி. கடையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் குறுக்கே சம்மட்டியை வைத்திருந்தான். ரேடியேட்டர் ஒட்டும் தொட்டிக்காரரின் விரல்களைக் காலையில் ஒடித்தது அந்தச் சம்மட்டி இல்லை. அதற்குச் சம்மட்டி தேவைப்படவில்லை. கையைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான், அவ்வளவுதான். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது.

கடைக்கு வெளியே, சுவரோரம் விழுந்திருந்த நிழலில், அவனுடைய தம்பி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தான். டிரைவர். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த கன்னம் வெந்து தோல் உரிந்து கிடந்தது. வலது கண் பிழைக்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இதுதான். டிரைவர் ஓட்டும் டிப்பர் லாரியின் ரேடியேட்டரை இந்தக் கடையில்தான் போன வாரம் சரிபார்த்தார்கள். அதே முற்றத்தில், அதே நாளில், இன்ஜினையும் பார்த்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான்காம் நாள் முழுப் பாரத்தோடு குவாரி ஏற்றத்தில் ஏறும்போது கொதித்தது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தான். உள்ளே அடைபட்டிருந்த நீராவி அவன் முகத்தில் அறைந்தது.

இன்று காலை குவாரிக்காரன் அந்த லாரியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வந்ததும் பேச்சில்லை. முதலில் கதவை உடைத்தான். அடுத்தது விரல்கள். அதன் பிறகுதான் பேச்சு.

"உன் வேலை தப்பா, உன் மச்சான் வேலை தப்பா, எனக்குத் தெரியாது. பொழுது சாயறதுக்குள்ள நீயே கண்டுபிடிச்சு சொல்லணும். எந்தக் கை தப்பு பண்ணுச்சோ அந்தக் கையை இதே வண்டியோட விசிறியில விடுவேன். யாரும் வாயத் தொறக்கலைன்னா ரெண்டு பேர் கையும் போகும்."

தெருவில் கடை வைத்திருந்த மற்றவர்கள் அதைக் கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார்கள். மணி பத்துதான் ஆகியிருந்தது.

யாரும் உதவிக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டிக்காரர் அந்தத் தெருவில் யாரிடமும் நல்ல பெயர் வாங்கியவர் இல்லை. தெருவே அவரைப் 'பாய்லர்' என்றுதான் கூப்பிட்டது. எல்லார் வண்டிச் சூட்டையும் இறக்குவார், தன் தலைச் சூட்டை இறக்க ஆள் இல்லை என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஒரு டாக்சிக்காரர் மட்டும், பற்றவைப்பு சரியில்லை, கசிகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டார். பாய்லர் அவர் பிடரியைப் பிடித்து இதே தொட்டிக்குள் அமுக்கினார். குமிழ் வந்தது. "ஆமா, கசியுது" என்று சொல்லித் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பற்றவைப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. உண்மையாகவே அது கசிந்ததும் இல்லை.

அவருக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. பழைய இரும்புக் கடையில் ரேடியேட்டர்களை அடித்து நொறுக்கி, செம்பு வேறு பித்தளை வேறாகப் பிரிக்கிற வேலைக்குத்தான் முதலில் போனார். ஆறு வருடம் உடைத்தார். உடைத்து உடைத்தே, அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்டார். எந்தக் குழாய் முதலில் அடைக்கும், எந்த மூலை முதலில் விரியும், வெறும் தண்ணீர் ஊற்றுகிறவன் ரேடியேட்டர் உள்ளே எப்படித் துரு பிடித்துச் சேறாகும், கூலன்ட் ஊற்றியது எப்படிப் புதுப் பாத்திரம்போல இருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். ஏழாம் வருடம் உடைப்பதை விட்டுவிட்டு ஒட்ட ஆரம்பித்தார். கோபம் மட்டும் பழைய வேலையிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கோபத்துக்கு வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு சின்னப் பேச்சில் கையிலிருந்த பித்தளைக் குழாயை வீசினார். அது மனைவியின் முன்பல்லில் பட்டது. அன்றிலிருந்து அந்த அம்மா அவரோடு நேராகப் பேசுவதில்லை. சுவரோடு பேசுவார், அடுப்போடு பேசுவார், தன் தம்பியோடு பேசுவார். "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு" என்பார் காலி நாற்காலியிடம். அந்தத் தம்பிதான் முற்றத்தின் மறுபாதியில் இன்ஜின் வேலை பார்க்கிற மச்சான். இப்போது அவன் லாரியின் முன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, வெளுத்துப்போய் நின்றான். உதடு கிழிந்திருந்தது. அவன் பங்குக்கும் காலையில் கிடைத்திருந்தது.

"கசிவு இல்ல" என்றார் பாய்லர்.

"அப்ப உள்ள அடைப்பு."

"என் வேலையில அடைப்பா?"

"வெட்டிக் காட்டு."

பாய்லர் தீக்குழலைப் பற்றவைத்தார். தன் கையால் போட்ட பற்றவைப்பைத் தன் கையாலேயே உருக்குவது அவருக்குப் புதிது. மேல்தொட்டியைச் சுற்றி ஈயம் பளபளத்து இளகி ஓடியது. தட்டியதும் தொட்டி தனியாகக் கழன்று வந்தது. குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ரேடியேட்டரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஒடிந்த விரல்களில் பாரம் ஏறியதும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆனாலும் இறக்கவில்லை.

"வந்து பாரு."

குவாரிக்காரன் எழுந்து வந்து பார்த்தான். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. ஒன்றுகூட இருட்டாக இல்லை.

அந்த ஒரு நிமிடம் பாய்லருக்கு வலி மறந்துபோனது. தன் வேலை சுத்தம். தப்பு இங்கே இல்லை. அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. இங்கே இல்லையென்றால் அது அந்தப் பக்கம் நிற்கிறது, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு.

"அப்ப இவன்" என்றான் குவாரிக்காரன், திரும்பாமலே.

"இரு. இன்னும் பார்க்கல."

"என்னத்தப் பார்க்கணும்?"

"யோவ், தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னது நீ. கண்டுபிடிக்கிற வரைக்கும் சும்மா உட்காரு."

சம்மட்டிக் காம்பு அவர் விலாவில் இறங்கியது. அவர் மடங்கி மண்டியிட்டார். மூச்சு திரும்பியதும் எழுந்து, மேல்தொட்டியைத் துடைத்து, மறுபடி ஈயம் வைக்க ஆரம்பித்தார். அவசரத்தில்கூட ஒரு சொட்டு அதிகம் வைக்கவில்லை.

ரேடியேட்டரை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, விசிறிப் பட்டையை அமுக்கிப் பார்த்தார். இறுக்கம் சரி. மூடியின் சுருளை விரலால் அழுத்தினார். அதுவும் சரி. மச்சானிடம் இன்ஜினைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். சூடு காட்டும் முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அவர் வலது கையை ரேடியேட்டரின் அடியில் வைத்தார். குளிர்ந்திருந்தது. மேல் குழாயைத் தொட்டார். வெதுவெதுப்பு. இன்ஜின் தகிக்கிறது, ரேடியேட்டர் தூங்குகிறது. வெந்த தண்ணீர் ஆறுவதற்கு இங்கே வரவேண்டும், வரவில்லை. உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கையை எடுக்காமலே நின்றார். புரிந்தது தப்பாக இருக்கட்டும் என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நினைத்தார்.

"நிறுத்துடா மச்சான்."

ஆறட்டும் என்று காத்திருந்து, இன்ஜின் தலைமேல் இருந்த வளைவு மூடியின் இரண்டு போல்டுகளையும் கழற்றினார். தண்ணீர் வழிந்து காலை நனைத்தது. உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

குவாரிக்காரனுக்கு இன்ஜின் தெரியாது. காலியாக ஒரு இடம் இருந்தால் அதில் ஏதோ இருந்திருக்கும் என்பது தெரியும். "இங்க என்ன இருந்துச்சு?"

பாய்லரின் கண் கடை வாசல் பக்கம் போனது.

"எவன் கழட்டினான்?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் பாய்லரின் மனைவி மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு முற்றத்துக்குள் வந்தார். உடைந்த கதவைப் பார்த்தார். கணவனின் கையைப் பார்த்தார், தம்பியின் வாயைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

பாய்லர் கடை வாசலுக்கு நடந்தார். அங்கே ஆணியில் நீளமான கம்பி ஒன்று தொங்கியது. இருபது வருடமாக இந்த முற்றத்துக்கு வந்த வண்டிகளிலிருந்து கழற்றிய வால்வுகளையெல்லாம் அதில் கோத்து வைத்திருந்தார். நூற்றுக்கு மேல் இருக்கும். அடிக்கிற வெயிலுக்கு வால்வு எதற்கு, அது திறக்கும்வரை தண்ணீர் ஏன் காத்திருக்க வேண்டும், தூக்கி எறிந்தால் எப்போதும் ஓடும், எப்போதும் ஆறும். இது அவர் கொள்கை. பழைய இன்ஜின்களில் இது பலித்தது, அல்லது கெடுதல் வெளியே தெரியவில்லை. தெரு முழுக்க இதைச் சொல்லியிருக்கிறார். மச்சான் ஒருமுறை தயங்கியபோது செவிட்டில் ஒன்று வைத்தும் சொல்லியிருக்கிறார்.

கம்பியின் முனையிலிருந்த கடைசி வால்வை உருவினார். இன்னும் பளபளப்பு போகவில்லை. போன வாரம் இதைக் கோத்தது அவர் கைதான். இப்போதுதான் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில், சுருளுக்குக் கீழே, தட்டையாக இன்னொரு வட்டத் தகடு இருந்தது. பழைய வால்வுகளில் அது இல்லை. தண்ணீர் சூடேறியதும் இந்த வால்வு ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதோடு சேர்ந்து அந்த அடித்தகடு இறங்கி, இன்ஜினுக்குள்ளேயே திரும்புகிற குறுக்குவழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். தண்ணீர் கிட்டத்தில் இருக்கிற வழியிலேயே போகும். தட்டையான சாலையில் மூன்று நாள் சமாளிக்கும். பாரத்தோடு ஏற்றம் ஏறினால் கொதிக்கும்.

முள் முனை ஓட்டையைக்கூட விடாமல் பார்க்கிறவர், இதைக் கையில் வாங்கிப் பார்க்காமலே கோத்திருந்தார்.

"கழட்டினது யாருன்னு கேட்டேன்" என்றான் குவாரிக்காரன். சம்மட்டி அவன் தோளுக்கு ஏறியிருந்தது.

"கழட்டச் சொன்னது நான்."

"சொன்னது கேக்கல. கழட்டினது."

"அவன் வேணாம்னுதான் சொன்னான். அறைஞ்சு கழட்ட வெச்சேன். அப்ப அது யார் கை?"

"மாமா..." என்றான் மச்சான். "நான்தான். ஸ்பேனர் புடிச்சது நான்தான்."

"வாய மூடுடா."

"அப்ப ரெண்டு கையா?" குவாரிக்காரன் சிரித்தான். "முதல்ல பெரியவர்."

அவன் பாய்லரின் வலது மணிக்கட்டைப் பிடித்து லாரியின் முன்பக்கம் இழுத்தான். மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "ஏறு. கிளப்பு. இல்லைன்னா இந்தச் சம்மட்டி இவர் மண்டையில."

மச்சான் ஏறினான். அழுதுகொண்டே சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. விசிறியின் இரும்பு இதழ்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வட்டமாயின. பாய்லர் காலை பம்பரில் ஊன்றித் திமிறினார். தலையால் குவாரிக்காரனின் மூக்கில் இடித்தார். இரத்தம் தெறித்தது, பிடி தளரவில்லை. கை ஒரு சாண் நெருங்கியது. பிறகு அரைச் சாண். அப்போது அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"தண்ணி இல்லாம ஓட்டாதேடா! ஹெட் விரிஞ்சிடும்!"

டயர்மேல் இருந்த டிரைவர் தலையைத் தூக்கியது அப்போதுதான்.

மனைவி ஓடினார். லாரியின் படியில் ஏறி, தம்பியைத் தள்ளி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த நிறுத்துகிற கம்பியை இரண்டு கையாலும் இழுத்து, சாவியையும் உருவிக்கொண்டார். இன்ஜின் குலுங்கி நின்றது. விசிறி உடனே நிற்கவில்லை. வேகம் குறைந்து இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்த நேரத்தில் பாய்லரின் சுண்டுவிரல் நுனி அதில் மாட்டியது. நகத்தோடு ஒரு துண்டு பறந்து ரேடியேட்டரின் வலையில் ஒட்டியது.

பாய்லர் கத்தவில்லை. கையை அக்குளில் செருகிக்கொண்டு சரிந்தார்.

"மறுபடி கிளப்பு" என்றான் குவாரிக்காரன், மூக்கிலிருந்து ஒழுகியதைப் புறங்கையால் துடைத்தபடி.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றார் அந்த அம்மா படியிலிருந்து. "வேணும்னா என் விரலையும் ஒடிச்சு எடுத்துக்க."

"அண்ணே, போதும்."

டிரைவர் எழுந்து நின்றிருந்தான். கட்டு வாயோரத்தை இழுத்துப் பிடித்ததால் வார்த்தைகள் குழறின. "அந்த ஏத்தத்துல ஏறப்போறது நீயா நானா? என் கண்ணு போச்சா இல்லையான்னு தெரியல. ஆனா அந்த வண்டி எனக்கு வேணும். நீ சரி பண்ணுவியா? சம்மட்டியால?"

"இவன் உன்னை வேக வெச்சவன்டா."

"தெரியுது. கை நசுங்குற நேரத்துல இன்ஜினுக்குக் கத்துறான். இவன்தான் சரி பண்ணணும்."

குவாரிக்காரன் சுற்றிலும் பார்த்தான். அடிக்க ஓங்கியதை எதிலாவது இறக்கியாக வேண்டும். கடைக்குள் போய்ச் சம்மட்டியை வீசினான். அலமாரி சரிந்தது, கூலன்ட் கேன்கள் வெடித்தன, பச்சைத் திரவம் தரையெல்லாம் ஓடி அவன் செருப்பை நனைத்தது. முக்காலியையும் உடைத்தான். பிறகு வெளியே வந்து, உட்கார எதுவும் இல்லாததால், நின்றுகொண்டே இருந்தான்.

மனைவி தன் முந்தானையைக் கிழித்து விரலைக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இறுக்கமா இருக்கான்னு கேளு" என்றார் தம்பியிடம்.

"சரியா இருக்குன்னு சொல்லு" என்றார் பாய்லர்.

இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்ததால், அவர் சொல்ல மச்சான் செய்தான். ஒரு தகரக் குவளையில் தண்ணீரை அடுப்பில் வைத்து, பளபளக்கும் அந்த வால்வைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டார்கள். குவளையின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் பொய் சொல்லும் என்றார் பாய்லர். பக்கத்தில் ஒரு வெப்பமானியும் தொங்கியது. டிரைவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கிய வேளையில் வால்வு மெல்ல வாய் பிளந்தது. அடித்தகடு கீழே இறங்கியது.

"பார்த்துக்க. மேல தொறக்குது, கீழ மூடுது. இத நான் பார்க்காம விட்டேன். அது என் தப்பு. கொதிக்கிற மூடியைத் தொறந்தது உன் கை. அத நான் ஏத்துக்கமாட்டேன்."

குவாரிக்காரன் ஓரடி முன்னால் வந்தான். டிரைவர் அவனைப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தான்.

"ஆறுற வரைக்கும் எவ்வளவு நேரம் விடணும்?" என்று கேட்டான்.

"மேல் குழாயை அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருந்தா தொடாத. தொளதொளன்னு ஆனப்புறம் துணி போட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, பாதித் திருப்பு. சத்தம் அடங்கினப்புறம் மீதி."

வால்வு தன் இடத்தில் உட்கார்ந்தது. மூடிக்கு அடியில் புதுக் காகிதம் வெட்டி வைத்து, போல்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினான் மச்சான். உடையாமல் தப்பிய ஒரே கேனிலிருந்து கூலன்ட்டும், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தார்கள். தண்ணீர் கொதிக்கிற சூட்டில் இது கொதிக்காது, துருவும் ஏறாது. அவர் அளவில் ஒரு விரக்கடை கூடினாலும் விடமாட்டார். மச்சான் இரண்டு முறை கொட்டி மறுபடி கலந்தான். சாவியை யாரிடமும் தராமல் பாய்லரின் மனைவியே வண்டியில் ஏறிக் கிளப்ப, காற்று வெளியேறும்வரை மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டார்கள். இந்த முறை முள் ஏறியது, ஒரு இடத்தில் தயங்கியது, கொஞ்சம் இறங்கி நின்றது.

பாய்லர் டிரைவரின் கையைத் தன் முழங்கையால் தள்ளி ரேடியேட்டரின் அடியில் வைக்கச் செய்தார். குளிர்ந்திருந்த தகடு அவன் உள்ளங்கைக்குக் கீழே மெதுவாகச் சூடேறியது.

"வருது" என்றான் டிரைவர்.

"வரணும். இன்னும் அரை மணி நேரம் ஓடட்டும்."

அரை மணி நேரம் ஓடியது. முள் நகரவில்லை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாய்லர் ஒருமுறை குனிந்து மேல் குழாய், கீழ் குழாய், பற்றவைத்த விளிம்பு எல்லாவற்றையும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வலையில் ஒட்டியிருந்த தன் விரல் துண்டைக் கட்டிய கையாலேயே தட்டிவிட்டு, அந்த இடத்தைத் துணியால் துடைத்தார். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

மனைவி படியிலிருந்து இறங்கி வந்து சாவியை நீட்டினார், தம்பியிடம் இல்லை, கணவனிடம். அவரால் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே அதை வாங்கிக்கொண்டு டிரைவருக்கு முன்னால் போய் நின்றார்.

"முதல் ஏத்தத்துல பாதிப் பாரம் ஏத்து. முள்ளைப் பாரு. நகர்ந்தா வண்டியை நிறுத்திட்டு எனக்கு ஆள் அனுப்பு. நானே வரேன்."

டிரைவர் கட்டுக்கு வெளியே இருந்த கண்ணால் அவரைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் குவித்து நீட்டி, அவர் மணிக்கட்டுகளுக்கு நடுவிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான்.